காருக்குள் கடகட: முதலில் இடம், பிறகு ஸ்பேனர்

பாகத்தை மாற்றுவதற்கு முன்னால் சத்தம் பிறக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்த உழைப்புக்கு ஒரு கூலியும் இருக்க வேண்டும்.

காருக்குள் சத்தம் வருகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று கிடைக்கும். ‘நம்ம ரோடு அப்படி சார், எல்லா வண்டியிலும் வரும்’ என்பது முதலாவது. ‘உள்ளே எல்லாம் பிளாஸ்டிக், வெயிலுக்குக் கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும்’ என்பது இரண்டாவது. ‘லிங்க் ராடு மாத்திப் பார்ப்போம், போகலைன்னா ஷாக் அப்சார்பரைப் பார்ப்போம்’ என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. ரோடு மோசம்தான். பிளாஸ்டிக் விரியத்தான் செய்யும். லிங்க் ராடும் தேயும். ஆனால் சத்தம் எந்த இடத்தில் பிறக்கிறது என்ற கேள்விக்கு மூன்றுமே பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனால் செலவுதான் கூடும், சத்தம் போகாது. காருக்குள் கேட்கும் கடகடப்பைச் சரிசெய்வது பாகம் மாற்றும் வேலை என்றுதான் உரிமையாளரும் நினைக்கிறார், மெக்கானிக்கும் நினைக்கிறார். உண்மையில் அது தேடிக் கண்டுபிடிக்கும் வேலை. இடம் தெரிந்துவிட்டால் பல நேரங்களில் ஒரு துண்டு ஃபெல்ட் டேப்பிலோ ஒரு கிளிப்பிலோ விஷயம் முடிந்துவிடும். இடம் தெரியாவிட்டால் பாதி சஸ்பென்ஷனை மாற்றிய பிறகும் அதே சத்தம் அதே வேகத்தடையில் வந்து நிற்கும்.

இடைவெளியில் பிறக்கும் சத்தம்

வாகனத் துறையில் இந்தச் சத்தங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். முதலாவது தட்டல். இரண்டு பாகங்களுக்கு நடுவே சிறிய இடைவெளி இருந்து, அதிர்வில் அவை மோதிப் பிரிந்து மறுபடி மோதும்போது ‘லடலட’, ‘டொக் டொக்’ என்று கேட்பது. இரண்டாவது உரசல். இங்கே பாகங்கள் ஒட்டித்தான் இருக்கும். ஒன்று மற்றொன்றின் மீது வழுக்கப் பார்த்து, பிடிபட்டு நின்று, திடீரென்று விடுபட்டு மறுபடி நிற்கும். நகராத பரப்பைக் கிளப்புவதற்கு வேண்டிய விசை, நகர்ந்துகொண்டிருக்கும் பரப்பைத் தள்ளுவதற்கு வேண்டியதைவிட அதிகம். அதனால்தான் இந்தப் பிடிப்பும் விடுவிப்பும் மாறி மாறி நடந்து ‘கிரீச்’ என்று கேட்கிறது. மூன்றாவது ரீங்காரம். மெல்லிய தகடோ பேனலோ தனக்கு இயல்பான அதிர்வெண்ணில் அதிரும்போது ‘ஜிர்ர்’ என்று வருவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. தட்டலுக்கு இடைவெளியை நிரப்ப வேண்டும், அல்லது பாகத்தை இறுக்க வேண்டும். உரசலுக்கு இரண்டு பரப்புகளும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவே துணி வைக்க வேண்டும், அல்லது வழுக்க விட வேண்டும். ரீங்காரத்துக்குத் தகட்டின் கட்டுமானத்தையோ எடையையோ மாற்ற வேண்டும். உரசலுக்குப் போல்ட்டை இறுக்கினால் சத்தம் சில நேரம் கூடவே செய்யும். எந்த வகை என்று காது கொடுத்துக் கேட்காமல் ஸ்பேனரை எடுப்பதில் அர்த்தமில்லை என்பதற்கு இதுவே போதும்.

இடைவெளி எங்கிருந்து வருகிறது? கார் ஃபேக்டரியை விட்டு வெளியே வரும்போதே கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் செய்திருப்பார்கள், வேறு வழியில்லை. எஃகு, ஒரு டிகிரி வெப்பம் கூடினால், மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமாக விரியும். டிரிம் பாகங்களுக்குப் பயன்படும் ஏ.பி.எஸ். போன்ற பிளாஸ்டிக் அதைப்போல் ஆறேழு மடங்கு விரியும். கணக்குப் போட்டால் விஷயம் புரியும். காலையில் 25 டிகிரியில் இருந்த கார், மதியம் வெயிலில் நின்று டேஷ்போர்டு 65 டிகிரிக்குப் போனால், ஒரு மீட்டர் நீள பிளாஸ்டிக் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். அதைத் தாங்கும் எஃகுச் சட்டம் அரை மில்லிமீட்டர்கூட வளராது. இந்த வித்தியாசத்தைக் கிளிப்புகளும் நீள்துளைகளும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். வருடம் முழுக்க தினமும் ஒருமுறை விரிந்து சுருங்கினால் கிளிப்பின் பிடி தளரும். அதனால்தான் சில சத்தங்கள் காலையில் மட்டும் வருகின்றன. சில சத்தங்கள் ஏ.சி. போட்டுப் பத்து நிமிடம் கழித்து வருகின்றன. ‘எப்போது வருகிறது’ என்று குறித்துவைப்பதே பாதித் துப்பு. சத்தம் குளிரில் வந்து வெயிலில் மறைந்தால், மேலே உள்ள டிரிம்மைச் சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது.

காது ஏன் ஏமாறுகிறது

‘சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரியுமே’ என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். இங்கேதான் கவனம் தேவை. ஒலி இடமா வலமா என்று மூளை கண்டுபிடிப்பது, இரண்டு காதுகளுக்கும் அது வந்து சேரும் நேர வித்தியாசத்தையும் உரப்பு வித்தியாசத்தையும் வைத்து. அந்த நேர வித்தியாசம் அதிகபட்சமே ஒரு மில்லி செகண்டில் மூன்றில் இரண்டு பங்குதான். இடவலம் ஓரளவு சரியாக வரும். முன்னா பின்னா, மேலா கீழா என்பதில் காது எளிதில் தவறும். அதிலும் காரின் உட்புறம் கண்ணாடிகள் சூழ்ந்த சின்ன அறை. ஒலி பட்டுத் தெறித்து நாலு பக்கமிருந்தும் வரும். போதாததற்கு, காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, எஃகில் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் பாயும். பின்சீட்டின் பூட்டில் பிறந்த தட்டல் பாடியின் தகடு வழியாக ஓடிவந்து, தூணின் டிரிம்மிலோ கூரையிலோ ஒலிக்கும். ஓட்டுகிறவர் ஒரே இருக்கையில், ஒரே திசை பார்த்து, தலையைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். சத்தம் தேடுவதற்கு இதைவிட மோசமான இடம் இல்லை. எனவே முதல் விதி: ஓட்டுபவர் தேடக் கூடாது. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பக்கத்து இருக்கையிலும் பின்சீட்டிலும் மாறி மாறி பெல்ட் போட்டு உட்கார்ந்து கேட்க வேண்டும். இது பாதுகாப்பும்கூட, ஓடும் காரில் டேஷ்போர்டைத் தட்டிப் பார்க்கும் ஓட்டுநரின் கண் ரோட்டில் இருக்காது.

கார்கள் அமைதியாக ஆக ஆக இந்தச் சிக்கல் பெரிதாகிறது. ஓங்கிய சத்தம் மெல்லிய சத்தத்தை மறைக்கும் என்பது ஒலியியலின் அடிப்படை. 1958-இல் விளம்பர உலகின் பெரும்புள்ளி டேவிட் ஓகில்வி ரோல்ஸ் ராய்ஸுக்கு எழுதிய புகழ்பெற்ற விளம்பரம், மணிக்கு 60 மைல் வேகத்திலும் அந்தக் காருக்குள் உரக்கக் கேட்பது மின்கடிகாரம்தான் என்று பெருமைப்பட்டது. அதே விளம்பரத்தை மறுபக்கமிருந்து பார்த்தால், என்ஜின் அடங்கிய காரில் கடிகாரம்கூடக் காதில் விழும் என்பதுதான் செய்தி. இன்றைய எலெக்ட்ரிக் கார்களில் நடப்பது அதுதான். பழைய டீசல் காரில் என்ஜின் இரைச்சல் போர்த்தியிருந்த நூறு சின்னச் சத்தங்கள் இப்போது வெளியே தெரிகின்றன. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை; பிளாஸ்டிக் உரசலின் கிரீச்சொலியில் பெரும்பங்கு இந்த எல்லைக்குள் வந்து விழுகிறது. ஆகவே ‘உங்களுக்குத்தான் சார் ரொம்பக் காது’ என்று சொல்லி வாடிக்கையாளரை அனுப்புவது நியாயமில்லை. அவர் காது செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது.

மேலேயா, கீழேயா?

தேடலின் முதல் படி காரைக் காலி செய்வது. கதவுப் பைகள், குளோவ் பாக்ஸ், சீட்டுக்கு அடியில், கண்ணாடி வைக்கும் பெட்டி, டிக்கி எல்லாவற்றையும் வெறுமையாக்க வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை. சீட்டுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டில் ஒருநாள் பிரேக் பெடலுக்குப் பின்னால் போய் மாட்டினால், பிரேக் முழுதாக அழுந்தாது. டிக்கியில் ஸ்டெப்னியின் நடுத்திருகு, ஜாக்கி, வீல் ஸ்பேனர் மூன்றையும் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். பல கார்களில் ஜாக்கியைத் திருகிச் சற்றே விரித்துத்தான் அதன் இடத்தில் இறுக்கியிருப்பார்கள். ஒருமுறை பஞ்சர் போட எடுத்தவர் அதை இறுக்காமல் திரும்ப வைத்தால் அன்றிலிருந்து சத்தம் ஆரம்பிக்கும். பழி மட்டும் பின்பக்க சஸ்பென்ஷன் மீது விழும்.

காலி செய்தபின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஸ்டியரிங், பிரேக், கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் இவற்றில் எதைத் தொட்டால் சத்தம் மாறுகிறது? ஏதாவது ஒன்றுக்கு மாறினால் கீழே தேட வேண்டும். எதற்கும் மாறாமல் ரோட்டுக்கும் வெயிலுக்கும் மட்டும் மாறினால் பெரும்பாலும் உள்ளே தேட வேண்டும். இந்த ஒரு பிரிவினை வீண் செலவில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். கீழே என்று தெரிந்தால் அடுத்தடுத்த சோதனைகள் உண்டு. மேடுபள்ளத்தில் போகும்போது பிரேக்கை லேசாகத் தொட்டால் தட்டல் நின்றுவிடுகிறதா? அப்படியானால் பிரேக் பேடைப் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்திருக்கிறது, அல்லது பேடு மாற்றியபோது திரும்பப் போடப்படவில்லை. நின்ற வண்டியில் கிளட்சை மிதித்தால் கடகடப்பு அடங்குகிறதா? கியர்பாக்ஸ் பக்கம் பாருங்கள். மிதித்தால்தான் சத்தமே வருகிறதா? ரிலீஸ் பேரிங் மீது சந்தேகம் வர வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது ‘டக் டக்’ என்று வந்தால் ஆக்ஸிலின் வெளிப்பக்க ஜாயின்ட். ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்-மில் மட்டும் ‘ஜிர்ர்’ என்று வந்து, அதைத் தாண்டியதும் மறைந்தால் சைலன்சரின் ஹீட் ஷீல்டு. 800 ஆர்.பி.எம்-மில் நிற்கும் மூன்று சிலிண்டர் என்ஜின் நொடிக்கு 20 முறை உந்துகிறது, நான்கு சிலிண்டர் 27 முறை உந்துகிறது. தகட்டின் இயல்பான அதிர்வு இந்த எண்ணோடோ இதன் மடங்கோடோ ஒத்துப்போனால் அது பாட ஆரம்பிக்கும்.

அடிக்கடி குற்றம் சாட்டப்படும் லிங்க் ராடுக்கும் ஒரு நேர்மையான சோதனை இருக்கிறது. காரின் இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார், இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்போது பெரிதாக வேலை செய்யாது. ஒன்று ஏறி மற்றொன்று கீழே இருக்கும்போதுதான் அது முறுக்கப்படும். லிங்க் ராடுக்கும் அப்போதுதான் சுமை வரும். ஆகவே போக்குவரத்து இல்லாத இடத்தில் ஒரே வேகத்தடையை முதலில் நேராகவும், பிறகு சாய்வாக ஒரு சக்கரம் முந்தும்படியும் மெதுவாகக் கடந்து பாருங்கள். சாய்வாகப் போகும்போது மட்டும் ‘டொக்’ என்றால் லிங்க் ராடோ பாரின் புஷ்ஷோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். நேராகப் போனாலும் அதே சத்தம் என்றால் ஷாக் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் பக்கம் திரும்ப வேண்டும். இந்தச் சோதனைக்குப் பணச்செலவே இல்லை. இதைச் செய்யாமல் ‘மாத்திப் பார்ப்போம்’ என்று சொல்வது வாடிக்கையாளரின் பணத்தில் ஊகம் செய்வது. மாற்றும்போதும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கடைசி இறுக்கு இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுகியே நிற்கும், சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். புதுப் புஷ் போட்டும் சில மாதத்தில் சத்தம் திரும்புவதற்கு இது ஒரு காரணம்.

சத்தம் உள்ளேதான் என்று தெரிந்தால் தேட வேண்டிய இடங்கள் இன்னும் எளியவை. காலியான பக்கத்து இருக்கையின் சீட் பெல்ட் நாக்கு தூணில் தட்டும். பின்சீட்டின் முதுகுப் பகுதியைப் பூட்டும் ‘ப’ வடிவக் கம்பியில் ஒரு சுற்று துணி டேப் சுற்றினால் ஹேட்ச்பேக் கார்களின் பின்பக்கத் தட்டல் பல நேரம் நின்றுவிடும். டிக்கிக் கதவின் ஓரத்தில் இருக்கும் ரப்பர் குமிழைப் பல மாடல்களில் திருகி உயர்த்தலாம். கதவு இறுக்கமாக உட்காரும். 2019 ஏப்ரல் முதல் புது வாகனங்களுக்குக் கட்டாயமான உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் மெல்லிய அலுமினியத் தகடு. டிக்கியைச் சாத்தும்போதோ பாட்டின் பேஸ் ஒலி அதிரும்போதோ பின்பக்கம் ‘ஜங்’ என்று கேட்டால் பிளேட்டை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி சாத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி அதுதான். பிளேட்டைப் பிடித்திருக்கும் பூட்டாணியைத் தொடாமல் ஓரமாக மெல்லிய ஃபோம் துண்டைச் செருகினால் போதும். கதவுப் பேனல்களுக்கு நின்ற இடத்திலேயே சோதனை உண்டு. போனில் ஒலி உருவாக்கும் செயலியைப் போட்டு, காரின் ஸ்பீக்கரில் 30 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். எந்த அதிர்வெண்ணில் எந்தக் கதவு நடுங்குகிறது என்று கையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

தொடக்கூடாத இடங்கள்

இவ்வளவு எளிது என்றால் கார் முழுக்க ஃபோமும் டேம்பிங் ஷீட்டும் ஒட்டிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதை விற்பவர்களும் உண்டு. டேம்பிங் ஷீட் தகட்டின் ரீங்காரத்தைக் குறைக்கும்; அது அதன் வேலை. இரண்டு பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அது நிரப்பாது. தட்டலுக்கு அதை ஒட்டுவது நோய் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் வெளியேற, கதவின் அடியில் துளைகள் இருக்கின்றன. கண்டபடி ஒட்டினால் அவை அடைபட்டு உள்ளேயே துரு பிடிக்கும். இன்னும் பெரிய ஆபத்து ஏர்பேக். 2022 முதல் இந்தியாவில் விற்கப்படும் கார்களில் முன்பக்கம் இரண்டு ஏர்பேக் கட்டாயம். பல மாடல்களில் தூண் டிரிம்முக்குப் பின்னாலும் சீட்டின் பக்கவாட்டிலும் கூடுதலாக இருக்கின்றன. மோதலின்போது அந்த டிரிம் குறிப்பிட்ட விதத்தில் திறந்து வழிவிட வேண்டும். அங்கே ஃபோம் திணிப்பது உயிர்காக்கும் வழியை அடைப்பது. ஏர்பேக் எழுத்து பொறித்த டிரிம்மையும் ஸ்டியரிங் நடுப்பகுதியையும் பயிற்சி பெற்றவர்தான் கழற்ற வேண்டும். கதவு ரப்பர் கிரீச்சிட்டால் சாதாரண கிரீஸோ என்ஜின் ஆயிலோ தடவக் கூடாது. கதவைச் சுற்றி இருக்கும் ரப்பர் பெரும்பாலும் கனிம எண்ணெயில் ஊதிக் கெடும் வகை. சிலிகான் கிரீஸைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தடவினால் சரியாகும்.

மறுப்புகளுக்குப் பதில்

ரோடு மோசம் என்ற வாதத்துக்கு வருவோம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-இல் வகுத்த வழிகாட்டியின்படி, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய வளைவாக இருக்க வேண்டும். தெருவில் நாம் பார்க்கும் பல தடைகள் அந்த உயரத்தைப் பாதி அகலத்துக்குள் ஏறுகின்றன. கார் அதிர்ச்சி வாங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் ரோடு தருவது அதிர்வை மட்டும். சத்தம் வர இடைவெளி வேண்டும். ஒரே தெருவில் ஓடும் ஒரே மாடல் கார்களில் ஒன்று சத்தம் போட்டு மற்றொன்று போடாமல் இருப்பது அதனால்தான். கார் நிறுவனங்களுக்கும் ரோடு தெரியாததல்ல. கற்கள் பதித்த சோதனைத் தடங்களில் ஓட்டியும், நான்கு சக்கரத்தையும் ஹைட்ராலிக் தூண்களில் நிறுத்தி ரோட்டின் அதிர்வை அப்படியே ஊட்டியும்தான் புது மாடலின் சத்தங்களைத் தேடுகிறார்கள். அங்கே பொறுமையாகத் தேடும் தொழில், விற்ற பிறகு ரோட்டைக் காரணம் காட்டுவது பொருந்தாது.

சத்தம்தானே, பாட்டின் ஒலியைக் கூட்டினால் ஆயிற்று என்பது அடுத்த வாதம். டிரிம் கிளிப் சத்தம் உயிரை வாங்காது என்பது உண்மை. ஆனால் இடம் தெரியாதவரை அது டிரிம் கிளிப்பா, தேய்ந்த பால் ஜாயின்ட்டா, டயர் மாற்றியபின் சரியாக இறுக்காத வீல் நட்டா என்று சொல்ல முடியாது. இந்தக் கடைசி இரண்டும் சக்கரத்தையே இழக்கவைக்கக் கூடியவை. இரண்டுமே பெரும்பாலும் முதலில் சத்தமாகத்தான் தெரியவரும். புதிதாக ஆரம்பித்த சத்தம், நாளுக்கு நாள் கூடும் சத்தம், ஸ்டியரிங்கிலோ பெடலிலோ அதிர்வோடு சேர்ந்து வரும் சத்தம் ஆகிய மூன்றையும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. மற்றவற்றை ஆற அமரத் தேடலாம். எதைத் தள்ளிப்போடலாம் என்று முடிவெடுக்கவும் இடம் தெரிய வேண்டும்.

கடைசி மறுப்பு ஒர்க்‌ஷாப்பிலிருந்து வருவது, அதுதான் கனமானது. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து வண்டி வரும் இடத்தில் ஒரு சத்தத்துக்காக ஒரு மணி நேரம் ஊர் சுற்ற யாரால் முடியும், அதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. புஷ் மாற்ற லேபர் சார்ஜ் இருக்கிறது, கண்டுபிடிக்க இல்லை. கண்டுபிடித்தவர் ஒரு டேப் ஒட்டிச் சரிசெய்தால் ‘ஒரு டேப்புக்கு இவ்வளவா’ என்று நாமே கேட்கிறோம். பாகம் மாற்றினால்தான் காசு என்ற ஏற்பாட்டில், பாகம் மாற்றப்படுவதில் வியப்பில்லை. இதை மாற்றும் பொறுப்பு இரு பக்கமும் இருக்கிறது. வாடிக்கையாளர் ‘சத்தம் வருது’ என்று மட்டும் சொல்லாமல், எந்த வேகத்தில், எந்த மாதிரி ரோட்டில், காலையிலா மதியத்திலா, எதைத் தொட்டால் மாறுகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அது ஜாப் கார்டில் அப்படியே ஏற வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் மெக்கானிக்கோடு சேர்ந்து அதே ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒர்க்‌ஷாப், தேடுவதற்கு மணிக்கணக்கில் ஒரு கட்டணத்தை வெளிப்படையாக எழுதிப்போட்டு, இடம் தெரிந்தபின்தான் பாகத்துக்கு மதிப்பீடு கொடுக்க வேண்டும். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் இந்த எழுத்துப் பதிவு இன்னும் முக்கியம். லேசான சத்தமும் அதிர்வும் குறையாகக் கருதப்படாது என்ற வரி பல வாரண்டிப் புத்தகங்களில் இருக்கிறது. சத்தம் எந்தப் பாகத்தில் பிறக்கிறது என்று காட்டிவிட்டால், பேச்சு சத்தத்தைப் பற்றியதாக இருக்காது. அந்தப் பாகத்தின் குறையைப் பற்றியதாகிவிடும். அடுத்த முறை ‘மாத்திப் பார்ப்போம்’ என்ற பதில் வந்தால், ‘எந்தச் சோதனையில் அந்தப் பாகம் என்று தெரிந்தது’ என்று கேளுங்கள். பதில் சொல்லக்கூடிய மெக்கானிக் கிடைத்தால் அவர் கேட்கும் தேடுகூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். தேவையில்லாத ஒரு ஜோடி ஷாக் அப்சார்பரைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.